ஃபோன் அடித்தால் எடுக்கக் கூடாது

போன மாதம் பழைய ஆபீசிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். புதிதாகச் சேர்ந்தவளாம். சிலர் வீட்டிலிருந்தும் சிலர் ஆபீசிலிருந்தும் வேலை செய்கிற குழுவை எப்படி நடத்துவது என்று அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். "யக்கா, இதுல நீங்கதான் பழைய ஆளுன்னு எல்லாரும் சொல்லுதாவ. லிங்க் அனுப்பியிருக்கேன், அமுக்கினா போதும்" என்றாள்.

அமுக்கினேன். ஒரு செயலியை இறக்கச் சொன்னது, இறக்கினேன். கடவுச்சொல் கேட்டது. ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி எல்லாம் இருக்க வேண்டுமாம். கொடுத்தேன். நான் மனுஷிதானா என்று சந்தேகப்பட்டு, சிக்னல் விளக்கு இருக்கிற படங்களையெல்லாம் தொட்டுக் காட்டச் சொன்னது. அதையும் செய்தேன். ஒருவழியாக உள்ளே போனால், கட்டம் கட்டமாகப் பிள்ளைகள் உட்கார்ந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் இல்லை. நான் பேசினேன். எல்லோரும் காதைத் தொட்டுக் கையை விரித்தார்கள். இவ்வளவு காலம் இந்த வேலையில் இருந்துவிட்டு வந்தும் என் தலையெழுத்து மாறவில்லை பாருங்கள். கொஞ்ச நேரம் போராடிவிட்டு, "சவத்தெளவு" என்று அணைத்துவிட்டேன். பேச வேண்டியதைத்தான் இப்போது எழுதுகிறேன். எழுதுவதற்கு மைக் வேண்டாம்.

நான் வேலை பழகிய கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. நாகர்கோவிலில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். 2004-ல் வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகைகளுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்று இங்கே கிளை திறந்தது. அதில் சேர்ந்தேன். வெளிநாட்டிலிருந்து கட்டுரை வரும். அதைப் பக்கமாகக் கோர்த்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை பார்த்து, எழுதியவரிடம் கேட்க வேண்டிய சந்தேகங்களைக் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க வந்த பையனுக்கு என் மகன் வயது. அவன் பொறுமையை நானும் என் பொறுமையை அவனும் சோதித்து முடித்தபோது பயிற்சிக் காலமும் முடிந்திருந்தது. சில ஆண்டுகளில் என்னைக் குழுத் தலைவியாக்கினார்கள். கிரேஸ் அக்கா என்றால் கொஞ்சம் கோபக்காரி என்று அப்போதே பெயர். கோபப்படாமல் எப்படி இருக்க முடியும் என்று இதைப் படித்து முடித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என் குழுவில் ஷைனி என்று ஒரு பெண் இருந்தாள். இனயம் என்கிற கடற்கரை ஊர்க்காரி. புருஷன் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர். போனால் வாரக்கணக்கில் திரும்பமாட்டார். இவள் விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி ஆபீசுக்கு வருவாள். வந்ததும் தலையில் இருக்கும் பிச்சிப்பூவைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாளானால் மத்தியானம்வரை நிமிரமாட்டாள். கட்டுரையின் மூலத்தை அச்செடுத்து மடியில் வைத்துக்கொண்டு, திரையையும் தாளையும் மாற்றி மாற்றிப் பார்ப்பாள். அப்போது அவள் விரல் தாளில்தான் இருக்கும், மௌசில் இருக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அவள் மாமியாருக்குக் கையும் காலும் விழுந்துபோயிற்று. படுத்த படுக்கை. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. வேலையை விடப்போகிறேன் என்று வந்து நின்றாள்.

"நான் வேலைக்கு வரலேன்னா வீடு எப்பிடிக்கா ஓடும்? வந்தேன்னா அவியள ஆரு பாப்பா?" என்று கேட்டாள். அழவில்லை. கணக்கு வராத பிள்ளை வாத்தியாரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்று நான் மேலே எழுதினேன். அதெல்லாம் வழக்கமில்லை என்றார்கள். மறுபடி எழுதினேன். கம்ப்யூட்டர் பத்திரமாக இருக்காது என்றார்கள். நான் ஜாமீன் என்று எழுதினேன். கடைசியில், உன் தொல்லை தாங்கவில்லை என்கிற மாதிரி ஒரு வரியில் அனுமதி வந்தது. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களையும் ஒயர்களையும் பார்த்துக்கொள்ளும் சுந்தர், ஒரு ஆட்டோவில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு இனயம் போனான். கேபிள்காரனைப் பிடித்து இணைய ஒயரும் இழுத்துக் கொடுத்தான். கடற்கரைக் காற்றுக்கு எல்லா ஒயர் முனையும் பாசி பிடித்ததுபோலப் பச்சையாகிவிடும். ஷைனி அதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்தே வேலை பார்த்தாள். அவளைப் பார்த்து, கைக்குழந்தையோடு இருந்த தோவாளை லதாவும் வீட்டிலிருந்து வேலை கேட்டாள். இப்படித்தான் நாங்கள் கலந்த குழு ஆனோம். அப்போது அதற்குப் பெயர் எதுவும் இல்லை. பெயர் வைக்காதவரை நன்றாகவே நடந்தது.

பிறகு வந்தது மின்வெட்டு. அந்த ஆண்டுகளைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். சென்னைக்குப் பேருக்கு ஒரு மணி நேரம் போகும். எங்களுக்குப் பாதி நாள் போகும். அதுவும் எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் போகாது. நாகர்கோவிலில் போகும்போது இனயத்தில் இருக்கும். இனயத்தில் போகும்போது தோவாளையில் வரும். வெளிநாட்டுக்காரனுக்கு இதெல்லாம் தெரியுமா? சாயங்காலத்துக்குள் கட்டுரை போய்ச் சேர வேண்டும் என்றால் சேர வேண்டும்.

அதற்கு நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். கரண்டு எங்கே இருக்கிறதோ வேலை அங்கே போகும். எல்லாக் கட்டுரையும் ஆபீஸ் சர்வரில் கிடக்கும். அது ஒன்றுக்கு மட்டும் தனி பேட்டரி வைத்து, எது அணைந்தாலும் அணையாமல் பார்த்துக்கொண்டோம். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் அதில் சேமித்துவிட வேண்டும், கடைசிப் பக்கத்தில் ஒரு குறி போட வேண்டும். கரண்டு போனால், போனவள் அடுத்தவளுக்கு ஃபோனில் ஒரே ஒரு மணி அடித்துத் துண்டிப்பாள். 'எனக்குப் போய்விட்டது, நீ பிடித்துக்கொள்' என்று அதற்கு அர்த்தம். பிடித்துக்கொண்டவள் ஒரு மணி திருப்பி அடிப்பாள். திருப்பி அடிக்கவில்லை என்றால் அவளுக்கும் கரண்டு இல்லை, அடுத்த ஆளைப் பார். கரண்டு திரும்பி வந்தால் இரண்டு தடவை அடித்துத் துண்டிப்பாள். அவ்வளவுதான்.

இதில் ஒரு சட்டத்தை மட்டும் நான் கறாராக வைத்திருந்தேன். ஃபோன் அடித்தால் எடுக்கக் கூடாது. எடுத்தால் காசும் போகும், நேரமும் போகும். இனயத்தில் ஷைனி வீட்டுக்குள் மணி அடிக்கத்தான் சிக்னல் போதும். பேச வேண்டுமென்றால் அவள் கோயில் படிக்கட்டுவரை நடக்க வேண்டும். வீட்டுக்குள் நின்று எடுத்தால் இரண்டு பக்கமும் "அலோ, அலோ" என்பதைத் தவிர ஒன்றும் நடக்காது. ஒருநாள் லதா மறந்துபோய் எடுத்துவிட்டாள். "ஏட்டி, கை அரிக்கா? எடுக்கப்பிடாதுன்னு எத்தனை மட்டம் சொல்லுகது?" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் பிள்ளை எழுந்து அழுதது எனக்கே கேட்டது. அதற்குப் பிறகு யாரும் எடுத்ததில்லை. ஆபீஸ் நம்பர் எவ்வளவு நேரம் அடித்தாலும், பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்கள்.

இந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் சென்னைத் தலைமை ஆபீசில் முரளி என்று ஒரு மேனேஜர் வந்து சேர்ந்தார். வயதில் என்னைவிட மிகவும் சின்னவர். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது என்பதுதான் அவரிடம் இருந்த பெரிய குறை. கத்தமாட்டார். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். நாம் எதைச் சொன்னாலும் முழுதாகக் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம், ஆனா எனக்கு விசிபிலிட்டி வேணும்" என்பார். ஆள் எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்பது சென்னையில் உட்கார்ந்திருக்கும் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமாம். கட்டுரை நேரத்துக்குப் போகிறதே என்பேன். "சரிங்க மேடம், ஆனா" என்பார். சுவரில் பந்து எறிகிற மாதிரி. என் கோபம் எனக்கே திரும்பி வரும்.

அவர் காலத்தில் எத்தனை கருவிகள் வந்தன என்று எனக்கு ஞாபகமில்லை. பேசுவதற்கு ஒன்று, எழுதுவதற்கு ஒன்று, எழுதியதை எழுதினேன் என்று சொல்வதற்கு ஒன்று. வேலையை அட்டையாக்கி இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு நகர்த்த ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல், அதை மாதாமாதம் மாற்ற வேண்டும். காலையில் எல்லோரும் திரையில் கூடும் கூட்டம் ஒன்று வைப்பார். "கேக்குதா? கேக்குதா?" என்று அவர் கேட்பதிலும், "கேக்குது சார்" என்று நாங்கள் சொல்வது அவருக்குக் கேட்காததிலும் முதல் பாதி போகும். தன் திரையைக் காட்டுகிறேன் என்று வேறு எதையாவது காட்டுவார். ஒரு தடவை அவர் வீட்டு மளிகைச் சாமான் பட்டியலை நாங்கள் அனைவரும் பார்த்தோம். "சார், அந்தப் பெருங்காயம் நல்லதில்ல" என்று சுந்தர் சொன்னதும் அவருக்குக் கேட்கவில்லை.

கடைசியாக வந்ததுதான் விளக்கு. ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வட்டம். மௌசோ கீபோர்டோ அசைந்தால் பச்சை. கொஞ்ச நேரம் அசையாவிட்டால் மஞ்சள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் சிவப்பு. மாதக் கடைசியில் யார் எவ்வளவு நேரம் பச்சை என்று ஒரு அறிக்கை வரும்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பிழை பார்ப்பவள் எதையும் தொடமாட்டாள். கணக்கும் குறியும் நிறைந்த பக்கம் ஒன்றை ஊன்றிப் படிக்க நேரம் ஆகும். படிப்பவளுக்கு மஞ்சள், படிக்காமல் சும்மா கையை ஆட்டுபவளுக்குப் பச்சை. இதை நான் எழுதி அனுப்பினேன். "நல்ல பாயிண்ட் மேடம், ஆனா" என்று பதில் வந்தது.

முதல் மாத அறிக்கையில் லதா முதலாவதாக வந்திருந்தாள். கரண்டு இருந்த நேரம் முழுக்கப் பச்சை. அவளுக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த வாரம் தோவாளை சந்தையில் பூ வாங்கப் போனபோது அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். உத்தரத்தில் சேலைத் தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டிலில் கட்டிய கயிறு மேசைக்குப் போயிருந்தது. கயிற்றின் நுனியில் மௌஸ். தொட்டில் ஆட ஆட மௌஸும் மேசைமேல் போய்ப் போய் வந்தது. லதா அடுக்களையில் குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "யக்கா, வேலையெல்லாம் பிள்ளை உறங்கினப்பம் முடிச்சாச்சு. அது முழிச்சாத்தான்…"

"நான் ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவள் வேலையில் குறை இல்லை. ஆனால் கம்பெனி சான்றிதழ் கொடுத்தது அந்தப் பிள்ளைக்கு என்பதை நினைத்துப் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

சிரிப்பு நீடிக்கவில்லை. அதே அறிக்கையில் ஷைனி கடைசி. எப்போதும் மஞ்சள், மின்வெட்டு நேரத்தில் சிவப்பு. அடுத்த மாதமும் அப்படியே. அவள் பார்த்த கட்டுரைகளில் ஒன்றுகூடப் பிழை என்று திரும்பி வந்ததில்லை, அது அறிக்கையில் இல்லை. லதா செய்ததை அவளிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"எனக்க வீட்டுல தொட்டிலுக்கு எங்கக்கா போவ? மாமியாருக்க கட்டிலையா ஆட்டதுக்கு?" என்று கேட்டுவிட்டு, "அந்தப் பொய் வேண்டாங்கா. நான் வேலைதானே பாக்கேன்" என்றாள்.

மூன்றாவது மாதம் முரளி, தானே அவளிடம் பேசி அவள் பக்க நியாயத்தைக் கேட்பது என்று முடிவு செய்தார். நல்ல எண்ணம்தான். அதை நான் மறுக்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். சொல்லவில்லை. சென்னை ஆபீசிலிருந்து அவளை ஃபோனில் கூப்பிட்டார்.

சென்னை நம்பரையும் ஷைனி 'ஆபீஸ்' என்றே ஃபோனில் போட்டு வைத்திருந்தாள், அதனால் 'ஆபீஸ்' என்று வந்தது. அவள் எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? இத்தனை காலம் நான் பழக்கியது அதைத்தானே. அப்போது அவளுக்குக் கரண்டும் இல்லை. பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள், முடியாது, சும்மா இருப்போம் என்று இருந்திருக்கிறாள். அவர் மறுபடி மறுபடி கூப்பிட்டிருக்கிறார். கரண்டு வந்தது. கரண்டு வந்தால் என்ன செய்ய வேண்டும்? இரண்டு தடவை அடித்துத் துண்டிக்க வேண்டும். அதைச் செய்தாள். மறுநாளும் இதே கதை.

அவரிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. ஷைனி அழைப்புகளை வேண்டுமென்றே தவிர்க்கிறார். அதோடு மேனேஜருக்கே மிஸ்டு கால் கொடுத்துக் கேலி செய்கிறார். இந்த மாதக் கடைசியோடு அவரை விடுவித்துவிட்டு, கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும்.

அந்த வீட்டில் மாதாமாதம் நிச்சயமாக வருகிற ஒரே வருமானம் அவள் சம்பளம்தான். கடலுக்குப் போனவர் எப்போது வருவார், என்ன கொண்டுவருவார் என்பது யாருக்குத் தெரியும்? உடனே அவரைக் கூப்பிட்டேன். மிஸ்டு காலின் அர்த்தத்தையெல்லாம் முதலிலிருந்து விளக்கினேன். முழுதாகக் கேட்டார். "சரிங்க மேடம், ஆனா ஒரு எம்ப்ளாயி ஃபோன் எடுக்கக் கூடாதுன்னு ஒரு சட்டம்… இது எந்தக் கம்பெனியிலயாவது இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். வெளியே சொன்னால் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்தது. எங்களுக்கு அது எவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு என்பதை, கரண்டு பேருக்குப் போகிற ஊரில் இருக்கும் ஒருவருக்கு எப்படிப் புரியவைப்பது?

"நீங்க ஒரு நாள் இங்க வந்து உக்காந்து பாருங்க சார்" என்றேன். "பாத்துட்டு வேணும்னா அவள வேலையவிட்டு அனுப்புங்க."

வந்தார். அதையும் சொல்ல வேண்டும். வராமலே இருந்திருக்கலாம், வந்தார். இரவு ரயிலில் வந்திறங்கி, குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலேயே ஆபீசில் இருந்தார். புதிதாக இன்னொரு கருவி வரப்போகிறதாம், அதைப் பற்றிப் படம் காட்டுவதற்கு ஒரு புரொஜெக்டரும் கொண்டு வந்திருந்தார்.

"சார், இன்னும் செத்த நேரத்துல கரண்டு போவும்" என்றான் சுந்தர்.

"அதுக்குள்ள முடிச்சுடலாம்" என்றார் அவர். முதல் படத்திலேயே 'விசிபிலிட்டி' என்று பெரிதாக எழுதியிருந்தது. இரண்டாவது படத்துக்குப் போவதற்குள் அறை இருட்டாகிவிட்டது. ஜெனரேட்டர் பழுதாகிக் கிடந்தது. அதைச் சரிசெய்யக் கேட்டு நான் அனுப்பிய கடிதம் சென்னையில் அவர் மேசையில்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் போக வேண்டிய கட்டுரை ஒன்று பாதியில் நின்றது. சுந்தர் ஓடிப்போய், யுபிஎஸ் கத்திக்கொண்டிருக்கும்போதே கடைசிப் பக்கத்தைச் சேமித்துக் குறி போட்டான். நான் தோவாளைக்கு ஒரு மணி அடித்துத் துண்டித்தேன். காத்திருந்தேன். பதில் இல்லை. அங்கேயும் கரண்டு இல்லை. இனயத்துக்கு ஒரு மணி அடித்தேன். கொஞ்ச நேரத்தில் என் ஃபோன் அடித்தது.

"மேடம், ஃபோன் அடிக்குது" என்றார் முரளி.

"அடிக்கட்டும் சார்."

"எடுங்க மேடம், முக்கியமா இருக்கப்போகுது!"

"எடுக்கப்பிடாது சார்." ஒரு மணியோடு அது நின்றது. "ஷைனி பிடிச்சுக்கிட்டா. இனி அவ பாத்துக்கிடுவா."

அவர் நம்பவில்லை. தன் மடிக்கணினியைத் திறந்தார். அதில் பேட்டரி இருந்தது, டாங்கிள் போட்டு இணையமும் பிடித்தார். விளக்குப் பக்கத்தை எடுத்தார். ஆபீசில் இருந்த எங்கள் எல்லோருக்கும் சிவப்பு. லதாவுக்குச் சிவப்பு. ஷைனிக்குக் கொஞ்சம் பச்சை வந்தது, பிறகு மஞ்சள்.

"பாருங்க மேடம். மஞ்சள். ஆளே இல்ல" என்றார்.

"சர்வரைத் திறங்க சார்" என்றேன்.

திறந்தார். கட்டுரையில் ஒரு பக்கம் புதிதாகச் சேமிக்கப்பட்டிருந்தது. விளக்கு ஒரு நொடி பச்சையாகி மறுபடி மஞ்சள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பக்கம். மறுபடி மஞ்சள். பக்கம் ஏற ஏற ஓரத்தில் அவள் எழுப்பிய சந்தேகங்களும் ஏறின. ஒரு சமன்பாட்டில் எழுதியவரே செய்திருந்த தவறைக் கண்டுபிடித்து, 'இது இப்படி இருக்க வேண்டுமா?' என்று கேட்டிருந்தாள். அவர் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். விசிறி இல்லை. இஸ்திரிச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று சுந்தருக்குத் தெரியும்.

பிறகு அவர் தன் ஃபோனை எடுத்து ஷைனியைக் கூப்பிட்டார். ஆபீஸ் ஃபோன் அல்ல, அவர் சொந்த ஃபோன். முழு மணியும் அடித்து ஓய்ந்தது. அவள் எடுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அவர் ஃபோன் ஒரு மணி அடித்து நின்றது.

"இதுக்கு என்ன மேடம் அர்த்தம்?"

"வேல என் கையிலதான் இருக்கு, சும்மா தொந்தரவு பண்ணாதீங்கன்னு அர்த்தம்" என்றேன். இரண்டாவது பாதி எங்கள் ஏற்பாட்டில் கிடையாது. அது நான் சேர்த்தது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரை முதல் தடவையாக மனுஷனாகப் பார்த்தேன். கரண்டு வருவதற்கு முன்பே கட்டுரை முடிந்து போய்விட்டது. ஷைனியை விடுவிக்கச் சொன்ன மின்னஞ்சலை ரத்து செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ரயிலேறினார். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். சந்தோஷம் கொஞ்சம். ஒரு பெண் வேலை செய்கிறாள் என்பதைக் காட்ட இவ்வளவு கூத்து தேவைப்பட்டதே என்ற ஆத்திரம்தான் அதிகம்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இவ்வளவு சலித்துக்கொள்ளமாட்டேன். சென்னைக்குப் போன முரளி எங்கள் மிஸ்டு கால் ஏற்பாட்டை மேலிடத்தில் புகழ்ந்து பேசினார். எங்களைப் பாராட்டி எழுதினார். பிறகு அதைக் கருவியாக்கிவிட்டார். கரண்டு போனால் அந்தக் கருவியைத் திறந்து, பெயர், எண், ஊர், காரணம், எப்போது திரும்பும் என்பதையெல்லாம் கட்டம் கட்டமாக நிரப்பி அனுப்ப வேண்டும். கரண்டு போய்விட்டது என்று தெரிவிக்கக் கரண்டு வேண்டும். இதை நான் சொன்னபோது, "நல்ல பாயிண்ட் மேடம்" என்றார். 'ஆனா' என்பதற்குள் நான் ஃபோனை வைத்துவிட்டேன். பிள்ளைகள் வழக்கம்போல ஒரு மணி அடித்து வேலையைக் கைமாற்றிவிட்டு, கரண்டு வந்த பிறகு கட்டங்களை நிரப்பினார்கள். தோவாளையில் லதாவின் பிள்ளை தொட்டிலைவிட்டு இறங்கி நடக்கத் தொடங்கியதும் அவள் பச்சையும் குறைந்துபோயிற்று. ஊழியரின் ஊக்கம் குறைந்ததற்கு என்ன காரணம் என்று எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதற்கு நான் இன்றுவரை பதில் போடவில்லை.

மின்வெட்டு குறைந்தது. ஃபோனில் எவ்வளவு பேசினாலும் காசில்லை என்று ஆயிற்று. மணி அடிக்கிற வழக்கம் தானாக நின்றுபோனது. ஷைனியின் மாமியார் காலமானார். அதற்குப் பிறகும் அவள் இனயத்திலிருந்தேதான் வேலை பார்த்தாள். நான் ஓய்வு பெறும்போது அந்தக் குழுவுக்கு அவளைத்தான் தலைவியாக்கினார்கள். அதில் முரளியின் கையெழுத்து இருந்தது. அந்த ஒன்றுக்காக அவருடைய எல்லாக் கருவிகளையும் மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான், முடியவில்லை.

எனக்குப் பிரிவு உபசாரத்தைத் திரையில் வைத்தார்கள். சென்னை, இனயம், தோவாளை எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிற மாதிரி இருக்குமாம். நாகர்கோவில் ஆபீசில் கேக் வைத்தார்கள். நான் இரண்டு நாள் யோசித்து, பேச வேண்டியதை மனதில் அடுக்கி வைத்திருந்தேன். முதலில் கம்பெனிக்கு நன்றி. பிறகு ஷைனியைப் பற்றி, அவள் இருக்கும் இடத்தில் நான் நம்பிக்கையோடு வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்பதைப் பற்றி. எழுந்து பேசினேன். பேசி முடித்துத் திரையைப் பார்த்தால், முரளி வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தார். லதா பாதி முகத்தோடு நின்றிருந்தாள். ஷைனியின் கட்டம் கறுப்பாக இருந்தது. சுந்தர் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினான். "யக்கா, நீங்க பேசினது ஒண்ணும் அங்க போவல" என்றான்.

கேக்கை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டில் வந்து, வீட்டுக்குப் போக ஆரல்வாய்மொழி பஸ்ஸுக்காக நின்றேன். பேச வேண்டியதைப் பேசாமல் வந்துவிட்டோமே என்று இருந்தது. என்ன தோன்றியதோ, ஃபோனை எடுத்து ஷைனிக்கு ஒரே ஒரு மணி அடித்தேன். எனக்குப் போய்விட்டது, நீ பிடித்துக்கொள். அவளும் ஒரு மணி திருப்பி அடிப்பாள், அதைக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறலாம் என்று நினைத்தேன்.

துண்டிக்கப் போகும்போது மறுபக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. அலைச் சத்தம் கேட்டது. அவள் எடுத்துவிட்டாள்.

"ஏட்டி, என்னத்துக்கு எடுத்த? எடுக்கப்பிடாதுன்னு தெரியாதா?" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கோயில் படியிலதான் நிக்கேன் யக்கா. மீட்டிங் அறுந்ததுல இருந்து இஞ்சதான் நிக்கேன், நீங்க விளிப்பியன்னு தெரியும்" என்றாள். "நீங்க பேசினதுல எனக்கு ஒரு வார்த்தைகூட கேக்கல. இப்பம் சொல்லுங்க. நல்லா கேக்கு."

கேக் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, கம்பெனிக்கு நன்றி என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவளைப் பற்றிய இடம் வரும்போது ஆரல்வாய்மொழி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், விசில் அடித்தார், பஸ் போய்விட்டது. நான் பேசிக்கொண்டிருந்தேன்.